எல்லைக்கு வெளியே

இன்று தமிழில் மிக அதிகம் பேர் கேட்கும் வசனம் எது என்று யாராவது ஒரு போட்டி வைத்தால், பரிசு சினிமாக்காரர்களுக்குப் போகாது; மேடைப் பேச்சாளர்களுக்கும் போகாது. என்னைப் போல நாவல் எழுதுகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். செல்போன் கம்பெனிக்காக ஒரு பெண்மணி என்றோ ஒரு நாள் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து சொல்லி வைத்த வாக்கியத்துக்குத்தான் போகும். நீங்கள் அழைக்கிற வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்கிற அந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழர் உண்டா? குரலில் குற்றம் சொல்ல முடியாது. உச்சரிப்பும் சுத்தம். ழகரமும் ளகரமும் அதனதன் இடத்தில் ஒழுங்காக நிற்கின்றன.

ஆனால் புத்தக விமர்சனம் எழுதிப் பழகிவிட்ட எனக்கு ஒரு வாக்கியத்தைக் கேட்டால், எழுவாய் எது, பயனிலை எது, பழி யார் தலையில் விழுகிறது என்று பார்க்காமல் இருக்க முடிவதில்லை. இங்கே எழுவாய் வாடிக்கையாளர். வெளியே போனவர் அவர். எல்லை தன்பாட்டுக்கு யோக்கியமாக இருக்கிறது. மனுஷன்தான் தாண்டிப் போய்விட்டான். மாமனாரிடம் கோபித்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் புறப்பட்டுவிட்ட மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது. உண்மையில் அந்த வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்? தன் வீட்டு ரெண்டாங்கட்டில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருக்கிறார். எல்லைதான் அவர் வீட்டு வாசல்படி வரையில் வந்து நின்றுவிட்டது. அந்த எல்லையைப் போட்டது யார் என்பதை வாக்கியம் மறந்தும் சொல்லாது.

இதை வெறும் இலக்கணச் சண்டை என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். கம்பெனியின் எல்லை எட்டாத வீட்டுக்குள்ளேயே, நாம் காசு கொடுத்து வாங்கிய வைஃபை வழியாகப் பேசலாம் என்று ஒரு வசதி வந்திருக்கிறது அல்லவா? அதற்குக் கம்பெனிகள் போடும் நிபந்தனைகளிலும் இதே மனோபாவம்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து ராஜபாளையம், சிவகிரி வழியாகத் தென்காசிக்குப் போகிற சாலையில், புளியங்குடிக்குச் சற்று முன்னால் இருப்பது வாசுதேவநல்லூர். மேற்கே மலை. கிழக்கே வயலும் தோப்பும். அர்த்தநாரீசுவரர் கோயிலை ஒட்டிய தெருக்களில் இன்னும் சில பழைய மட்டப்பா வீடுகள் மிஞ்சியிருக்கின்றன. சுவர் ஒரு முழக் கனம் இருக்கும். பூலித்தேவர் காலத்துக் கோட்டை ஒன்று இங்கே இருந்தது. 1767-ல் கும்பெனிப் படை பீரங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அதன் மண் சுவர்கள் லேசில் இடம் கொடுக்கவில்லை என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சுவர்களின் பிடிவாதம் எங்கள் வீட்டுச் சுவர்களிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும். குண்டைத் தடுத்த ஊரில் இப்போது அலையைத் தடுக்கிறோம்.

சுவர் மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. செல்போன் அலைகளில் பல ரகம் உண்டு. 850, 900 மெகாஹெர்ட்ஸ் என்கிற தாழ்ந்த அலைகள் சுவரைத் துளைத்துக்கொண்டு ஓரளவு உள்ளே வரும். 1800, 2300 என்று மேலே போகப் போகச் சுமக்கிற சரக்கு அதிகம், துளைக்கிற சக்தி குறைவு. புதிதாகக் கட்டின கான்கிரீட் வீடுகளிலும் கம்பி வலை இதே வேலையைச் செய்கிறது. ஆகவே எங்கள் தெருவில் செல்போன் பேச்சு என்பது திண்ணைச் சரக்கு. உள்ளே மணி அடித்தால் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டும். பெண் பார்க்கிற விஷயம், வட்டிக் கடன், மாமியார் மருமகள் தகராறு எல்லாம் தெரு கேட்கத்தான் பேசப்படுகின்றன. கதை எழுதுகிறவனுக்கு இது லாபம் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் என் லாபத்துக்காக ஒரு தெரு முழுவதும் மானத்தை வாசலில் காயப்போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் தெருவுக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்துவிட்டது. மாதச் சந்தா கட்டினால் கேபிள்காரர் வந்து ஒரு சின்னப் பெட்டியைத் தார்சாவில் மாட்டிவிட்டுப் போகிறார். அதிலிருந்து வீடு பூராவும் வைஃபை. அடுக்களை, மச்சு, புறவாசல் எங்கும் கிடைக்கிறது. போனில் பேசுகிற பேச்சை டவருக்கு அனுப்பாமல் இந்தப் பெட்டி வழியாக அனுப்பினால், அது கம்பியில் போய், பூட்டிய தபால் பை மாதிரி யாரும் பிரிக்க முடியாதபடி, செல்போன் கம்பெனியின் சொந்த நிலையத்திலேயே போய் இறங்கும். அங்கிருந்து வழக்கம் போல மற்றவர் போனுக்குப் போகும். நம்பர் அதே நம்பர். கட்டணமும் நம் திட்டத்தில் உள்ள அதே கட்டணம். இதுதான் வைஃபை அழைப்பு. கம்பெனி ஒரு டவர் கூடப் புதிதாக நட வேண்டாம். அவர்களால் எட்ட முடியாத கடைசி நூறு அடிக்கு நாமே நம் காசில் பாதை போட்டுக் கொடுக்கிறோம்.

இப்படி ஒரு உபகாரத்தை வாசலில் கொண்டுவந்து வைத்தால் யாராவது நிபந்தனை பேசுவார்களா? பேசினார்கள்.

இந்தியாவில் இணையத்தின் வழியே குரலை அனுப்புவது 2002 ஏப்ரல் முதல் தேதி வரையில் சட்ட விரோதம். அதற்குப் பிறகு அனுமதி கொடுத்தபோதும், கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டுப் போனுக்குப் பேசலாம், உள்நாட்டுப் போனுக்குப் பேசக்கூடாது என்று ஒரு வினோதமான வேலி போட்டார்கள். நியூயார்க்கில் இருக்கிற மருமகனைக் கூப்பிடலாம். சங்கரன்கோவிலில் இருக்கிற மாமனாரைக் கூப்பிடக்கூடாது. 2017 அக்டோபரில் டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வேலியை எடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது. 2018 ஜூனில் சர்க்கார் உரிம விதிகளைத் திருத்தியது. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற பெயரில், ஆண்டுக்கு 1,099 ரூபாய்ச் சந்தாவில், இணையம் வழியே எந்தப் போனுக்கும் பேசும் வசதியை அறிவித்தது. கம்பெனிகளின் சங்கம் உடனே ஆட்சேபம் கிளப்பியது.

2019 டிசம்பரில் ஏர்டெல் முதலில் டில்லி வட்டாரத்திலும் பிறகு தமிழ்நாடு முதலிய இடங்களிலும் வைஃபை அழைப்பைக் கொண்டுவந்தது. ஆனால் வீட்டில் இருக்கிற வைஃபையும் அதே கம்பெனியின் கம்பியாக இருக்க வேண்டும் என்பது ஆரம்ப நிபந்தனை. சத்திரத்தில் சாப்பாடு உண்டு, இலை மட்டும் எங்கள் கடையில் வாங்க வேண்டும் என்பது போல. 2020 ஜனவரியில் ஜியோ, எந்த வைஃபையானாலும் சரி என்று சொல்லிக்கொண்டு வந்தது. அதே மாதத்தில் ஏர்டெலும் கதவைத் திறந்துவிட்டது. நேற்று வரையில் முடியாதென்றது போட்டிக்காரன் வந்ததும் முடிகிறது என்றால், நிபந்தனைக்குக் காரணம் விஞ்ஞானமா வியாபாரமா என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வேலி போயிற்று. இன்னொரு வேலி இருக்கிறது. அதுதான் பட்டியல்.

எந்தெந்தப் போன்களில் இந்த வசதி வேலை செய்யும் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஜியோ ஆரம்பத்திலேயே நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மாடல்களை அறிவித்தது; இன்று எல்லோருடைய பட்டியலும் நீளம்தான். ஆனால் பட்டியல் பட்டியல்தானே? அதற்குள் இல்லாத போனில், வைஃபை அழைப்பு என்கிற விசையே திரையில் தெரியாது. கேட்டு மறுப்பது கூட ஒரு மரியாதை. இது, அப்படி ஒரு கதவு உலகத்திலேயே இல்லை என்று சுவரை வெள்ளையடித்து வைப்பது.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. மகன் துபாயில் வேலை. கடையநல்லூர், புளியங்குடி, தென்காசி வட்டாரத்தில் வளைகுடாவுக்குப் பிள்ளை அனுப்பாத தெரு அபூர்வம். அங்கே வாட்ஸப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம்; குரலில் பேசுவதற்கு நெடுங்காலமாகத் தடை. அங்கீகாரம் பெற்ற வேறு சில செயலிகள் உண்டு. ஆச்சிக்கு அதெல்லாம் கைக்கு வரவில்லை. ஆகவே மகன் காசு செலவழித்துச் சாதாரணப் போனாகவே கூப்பிடுகிறான். ஆச்சி உள்ளே இருந்தால் மணி அடிக்காது. அந்தப் பெண்மணியின் குரல் அவனிடம், உன் தாயார் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று சொல்லும். கடல் கடந்து இருக்கிற பிள்ளைக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று எழுதினவர் யோசித்திருக்க மாட்டார்.

"நான் இங்கனதான தம்பி இருந்தேன்? எடுக்கலன்னு கோவிச்சுக்கிடுதான். எங்க போய்ட்டன்னு கேக்கான். நான் எங்க போவேன்?" என்று ஆச்சி என்னிடம் முறையிட்டாள்.

மகன் போன விடுமுறையில் வந்தபோது வீட்டுக்கு வைஃபை வைத்துக் கொடுத்து, அங்கே வாங்கிய நல்ல போன் ஒன்றையும் தாயார் கையில் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தான். விலை என்னுடைய ஆறு மாதக் கட்டுரைச் சம்பாத்தியம் இருக்கும். அந்தப் போனில் விசை இல்லை. ஆச்சியின் சார்பில் நான் திண்ணையில் நின்றுகொண்டு கம்பெனியின் சேவை நிலையத்துக்குப் பேசினேன். எந்தக் கம்பெனி என்று சொல்வதில் பிரயோசனமில்லை. பேசிய பிள்ளையாண்டான் மகா மரியாதைக்காரன்.

"அந்த ஹேண்ட்செட் சப்போர்ட் பண்ணாது சார்."

"இதே போனைத் தென்காசியில் கடையில் விற்கிறார்களே?"

"அது பண்ணும் சார். இது வெளிநாட்டு மாடல் சார்."

"இரண்டுக்கும் வித்தியாசம் என்ன?"

"லிஸ்ட்ல இல்ல சார்."

"ஏன் இல்லை?"

"சப்போர்ட் பண்ணாது சார்."

சிறுகதைப் பட்டறை நடத்துகிறவர்கள் இந்த உரையாடலைப் பாடமாக வைக்கலாம். ஒரு வட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி இவ்வளவு சுருக்கமாக நான் எழுதியதில்லை. போனைச் செய்த கம்பெனியைக் கேட்டால், சேவை தருகிற கம்பெனியைக் கேளுங்கள் என்று அவர்கள் கை காட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு மாடலைச் சோதித்து அனுமதிச் சீட்டை மென்பொருளில் வைத்தால்தான் விசை தெரியும் என்பது உண்மை. இரண்டு பேரும் மற்றவர் மேல் சாய்ந்துகொண்டு நிற்பதும் உண்மை.

மகனுடன் பேசுவது மட்டுமானால் எப்படியாவது சமாளிக்கலாம். வீட்டுக்குள் சிக்னல் இல்லாதவருக்கு இன்று பாங்கியில் பணம் எடுப்பது முதல் சிலிண்டர் வாங்குவது வரை தகராறு. எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. வருகிறது. வைஃபை அழைப்பு இருக்கிற போனில் அந்தக் குறுஞ்செய்தியும் பெரும்பாலும் வைஃபை வழியாகவே வந்து சேர்ந்துவிடும். இல்லாதவர் திண்ணைக்கு ஓடிப் போய் வாங்கிக்கொண்டு உள்ளே வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் 108-ஐக் கூப்பிடுவதற்கும் முதலில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தாக வேண்டும். வாட்ஸப்பில் 108 கிடையாது.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. டவர் வழியாகப் பேசுகிறவர் சுமாராக எங்கே இருக்கிறார் என்று தெரியும். வீட்டு வைஃபை வழியாகப் பேசுகிறவர் இருக்கிற இடம் அப்படித் தானாகத் தெரிந்துவிடாது. ஆபத்துக் காலத்தில் ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது? மின்சாரம் போனால் பெட்டி செத்துவிடும். ஆடி மாதக் காற்றில் எங்கள் ஊரில் மின்சாரம் இருக்கிற நேரத்தைத்தான் கணக்கெடுக்க வேண்டும். சரியாகச் சோதிக்காத போனில் பேச்சு பாதியில் அறுந்தால் வசவு வாங்குவது கம்பெனிதான். அமெரிக்காவில் 2015-ல் ஏ.டி.அண்ட்.டி. இந்த வசதியைக் கொண்டுவருவதற்கு முன்னால், காது கேளாதவர்கள் தட்டச்சு செய்து பேசும் பழைய கருவி இணைய வழியில் ஒழுங்காக வேலை செய்யாது என்பதற்காக, அந்நாட்டு ஆணையத்திடம் விதிவிலக்கு கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பலவீனமானவர்களுக்காக ஒரு விதி இருந்து, அதனால் தாமதமானால் நான் கைகட்டி நிற்பேன். ஆச்சியின் போனைத் தடுக்கிற விதி யாரைக் காப்பாற்றுகிறது என்பதுதான் என் கேள்வி.

டெலிபோன் கம்பெனிகளுக்கு இது பரம்பரைக் குணம். அதே ஏ.டி.அண்ட்.டி.யின் பழைய வழக்கு ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. 'ஹஷ்-எ-போன்' என்று ஒரு சாதனம். சாதனம் என்று சொல்வது கூட அதிகம். டெலிபோனில் வாய் வைத்துப் பேசுகிற இடத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு கிண்ணம். பேச்சு பக்கத்தில் இருப்பவர் காதில் விழாது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. தங்கள் டெலிபோனில் அந்நியப் பொருள் எதையும் மாட்டக்கூடாது என்று கம்பெனி தடுத்தது. அமெரிக்கச் சர்க்காரின் ஆணையமும் 1955-ல் கம்பெனி பக்கமே பேசியது. 1956-ல் அப்பீல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினால் குற்றமில்லை, கிண்ணத்தால் பொத்தினால் குற்றமா என்பதுதான் விவகாரத்தின் சாரம். பிறகு டெக்ஸாஸில் கார்ட்டர் என்பவர், எண்ணெய்க் கிணறுகளில் ரேடியோவில் பேசுகிறவர்களை டெலிபோனோடு சேர்த்துவைக்க ஒரு கருவி செய்தார். அதையும் தடுத்தார்கள். 1968-ல் ஆணையமே, கம்பியமைப்புக்குக் கெடுதல் செய்யாத எந்தக் கருவியையும் சந்தாதாரர் இணைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. கெடுதல் என்றால் அதைக் கம்பெனி காட்ட வேண்டும். வெறுமே 'எங்கள் பட்டியலில் இல்லை' என்பது பதில் அல்ல என்று அங்கே தீர்ந்துபோன வழக்கு, வாசுதேவநல்லூரில் ஆச்சியின் தார்சாவில் மறுபடியும் தொடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டம், கம்பியும் கருவியும் சர்க்காரின் தனி உரிமை என்கிற ஞாபகத்தோடேயே நூறு வருஷத்துக்கு மேல் ஆட்சி செய்தது. 2023-ல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. சட்டம் மாறுகிற வேகத்தில் பழக்கம் மாறுவதில்லை. முன்பு டெலிபோனுக்கு விண்ணப்பித்து வருஷக்கணக்கில் காத்திருந்தோம். இப்போது காத்திருக்க வேண்டாம். போன் கையிலேயே இருக்கிறது, மணிதான் அடிக்காது.

2024-ல் டிராய் ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் சேவை எங்கெங்கே கிடைக்கிறது என்று வரைபடம் வெளியிட வேண்டும் என்று விதித்தது. நான் பார்த்தேன். எங்கள் ஊர் முழுவதும் வர்ணம் பூசியிருக்கிறது. கோயில், குளக்கரை, எங்கள் தெரு எல்லாம் எல்லைக்கு உள்ளேதான். படம் பொய் என்று சொல்லமாட்டேன். தெருவில் நின்று பார்த்தால் சரிதான். அந்தப் படத்தில் வீட்டுக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆகாயத்திலிருந்து ஊரைப் பார்க்கிற எழுத்தாளர்களிடமும் இதே குறையைக் கண்டிருக்கிறேன். கூரையை வர்ணிப்பார்கள், அதற்குக் கீழே யார் இருமுகிறார்கள் என்பது தெரியாது.

ஆக, வரைபடத்தின்படி ஆச்சி எல்லைக்கு உள்ளே. ஒலிப்பதிவின்படி எல்லைக்கு வெளியே. இரண்டையும் வெளியிடுவது ஒரே கம்பெனி. ஒரு நாவலில் இப்படி எழுதியிருந்தால் பதிப்பாளர் திருப்பி அனுப்பியிருப்பார். பதிப்பாளர் வேலையை என்னிடம் கொடுத்தால் அந்த வாக்கியத்தை இப்படித் திருத்துவேன்: 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் இருக்கும் இடம் வரையில் எங்கள் சேவை இப்போது எட்டவில்லை.' எழுவாய் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். செலவு, அந்தப் பெண்மணிக்கு அரை மணி நேரச் சம்பளம். பட்டியலைப் பொறுத்தவரையில், இல்லாத மாடலுக்கு நேரே ஏன் இல்லை என்று ஒரு வரி போட்டால் போதும். சோதிக்கவில்லை என்றால் சோதிக்கவில்லை என்று போடட்டும். அப்படிப் போட வேண்டும் என்று விதிக்கிற அதிகாரம், வரைபடம் கேட்ட ஆணையத்துக்கு இல்லாமலா போகும்?

பி.எஸ்.என்.எல்.லும் 2026 புத்தாண்டு முதல் நாடு முழுவதும் வைஃபை அழைப்பைத் தருவதாக அறிவித்திருக்கிறது. டவர் சரியாக எட்டாத கிராமத்து வீடுகளில் அதன் சிம்மை வைத்திருக்கிறவர்கள் நிறைய. நல்ல செய்தி. அங்கேயும் போன் அந்த வசதிக்கு ஏற்ற போனாக இருக்க வேண்டும். ஆச்சிக்கு அத்துப்படியான பழைய பட்டன் போன் இதற்கு உதவாது.

இந்தத் தீபாவளிக்கு மகன் வருகிறானாம். வெளியூரில் எதுவும் வாங்காதே, தென்காசியில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவனுக்கு எழுதிவிட்டு, கம்பெனியின் பட்டியலில் இருக்கிற மூன்று மாடல்களின் பெயரையும் எண்ணையும் குறித்து அனுப்பியிருக்கிறேன். ஆச்சிக்கு அதில் அத்தனை உற்சாகமில்லை. பிள்ளை வாங்கிக் கொடுத்த பழைய போனை என்ன செய்வது என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.